குழந்தையின் இதயம்: ஓட்டையைவிட எடையைப் பாருங்கள்

பெங்களூரில் குழந்தைகள் இதயப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தமிழ் பேசும் டாக்டர் என்று தெரிந்துவிட்டால் போதும், ஓசூர், கிருஷ்ணகிரி, கே.ஜி.எஃப். பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஃபைலை நீட்டுவதற்கு முன்பே "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்வார்கள். ஓ.பி. கூட்டத்தில் கேட்க முடியாமல் போனதையெல்லாம் பிறகு எழுதிக் கேட்கிறார்கள். நேரில் பார்க்காத குழந்தைக்கு மருந்து சொல்ல முடியாது. விஷயத்தை விளக்க முடியும், அதைச் செய்கிறேன்.

இரண்டு மாதப் பெண் குழந்தை. இதயத்தில் 4 மி.மீ. ஓட்டை என்று எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) வந்திருக்கிறது. டாக்டர் "தானாக மூடலாம், பார்ப்போம்" என்கிறார். சித்தப்பா "சும்மா இருக்காதே, உடனே ஆபரேஷன் பண்ணிடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- மர்ஃபி டவுன்

சித்தப்பாவுக்குப் பாசம் அதிகம், அவ்வளவுதான். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் "பார்ப்போம்" என்றால் எதைப் பார்ப்பது என்பதையும் அவரிடமே கேட்டு வையுங்கள்.

இரண்டு கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருக்கும் ஓட்டைதான் பிறவி இதயக் குறைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. சுவரின் தசைப் பகுதியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் குழந்தை வளர வளரத் தானாகவே மூடிக்கொள்ளும். வால்வுகளுக்குக் கீழே, சுவரின் மேல் பகுதியில் இருந்தால் கதை வேறு. அதனால் "எத்தனை மி.மீ.?" என்பதோடு "எந்த இடத்தில்?" என்றும் கேளுங்கள்.

இதில் பெற்றோரைக் குழப்புகிற சங்கதி ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகம். அதனால் ஓட்டை பெரிதாகவே இருந்தாலும் அதன் வழியே ரத்தம் அதிகம் பாயாது, குழந்தை நன்றாகத்தான் இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அந்த அழுத்தம் இறங்கும்போதுதான் ரத்தம் நுரையீரலுக்குள் வெள்ளமாகப் போகும், குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். "பிறந்தப்போ நல்லாத்தானே இருந்தது, யார் கண் பட்டதோ" என்று பாட்டிகள் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

உங்கள் மகள் இப்போது சரியாக அந்த வயதில் இருக்கிறாள். பால் குடிக்கும்போது நெற்றியில் வியர்க்கிறதா? நாலு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்க நிறுத்துகிறாளா? தூங்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்கு அது 50-ஐத் தாண்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, எடை. முதல் மூன்று மாதத்தில் நல்ல குழந்தை ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறும். வாரம் ஒரு முறை ஒரே தராசில், உடுப்பில்லாமல் எடை போட்டு எழுதி வையுங்கள். ஒரு தாய் அரிசிக்கடை பில்லின் பின்பக்கத்தில் எட்டு வார எடையை எழுதிக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு எக்கோ ரிப்போர்ட்டைவிட அந்தத் துண்டுச் சீட்டுதான் எங்களுக்குப் பயன்பட்டது.

எடை ஏறாமல், மருந்துக்கும் அடங்காமல் மூச்சு வாங்கினால் ஆபரேஷன். பெரிய ஓட்டையாக இருந்தால், குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும் வருடக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. வெள்ளம் பாய்ந்துகொண்டே இருந்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகிவிடும். அப்புறம் ஓட்டையை அடைத்தாலே ஆபத்து என்ற நிலை வரும். அப்படிப் பன்னிரண்டு வயதில் எங்களிடம் வந்து, ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பிய பிள்ளைகள் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும், இந்த இறுக்கமும் சீக்கிரமே வரும். அவர்களுக்குப் பிறந்த உடனேயே எக்கோ எடுத்துவிட வேண்டும்.

தங்கை குழந்தைக்கு ஓசூரில் பிறந்த மறுநாள் கையிலும் காலிலும் ஒரு கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். உடனே ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு ஓட வைத்துவிட்டார்கள். அழாத, சிரமப்படாத குழந்தையை ஏன் இப்படித் துரத்த வேண்டும்?
- அத்திப்பள்ளி

அந்த கிளிப்பை மாட்டிய சிஸ்டருக்கு ஒரு கும்பிடு போடுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்ஸிமீட்டர் அது. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் பார்ப்பார்கள். 95 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் 3-ஐத் தாண்டக்கூடாது. 90-க்குக் கீழே போனால் காத்திருப்பே கிடையாது. கறுத்த நிறக் குழந்தையிடம் நீலம் பாய்ந்திருப்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, கருவிக்குத் தெரியும்.

குழந்தைக்கு என்ன குறை என்று நீங்கள் எழுதவில்லை. இப்படி ஓட வைக்கும் குறைகளில் முக்கியமானது, இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்கள் இடம் மாறியிருப்பது. கெட்ட ரத்தம் உடம்பையே சுற்றும், நல்ல ரத்தம் நுரையீரலையே சுற்றும். கருவில் திறந்திருந்த ஒரு சிறு குழாய் மூடாமல் இருக்கும் வரை இரண்டும் கொஞ்சம் கலந்து குழந்தை தாக்குப்பிடிக்கும். அது மூடிக்கொண்டால் சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழ். புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி அந்தக் குழாயைத் திறந்தே வைப்போம். அந்த மருந்து சில குழந்தைகளுக்கு மூச்சையே நிறுத்திவிடும். ஆம்புலன்ஸில் டாக்டர் கூடவே வருவது அதனால்தான்.

1975-ல் பிரேசிலில் அடிப் ஜாட்டேனே என்ற சர்ஜன் இந்தக் குழாய்களை வெட்டி இடம் மாற்றித் தைத்துக் காட்டினார். இன்று உலகம் முழுக்கச் செய்வது அந்த முறையைத்தான். குழாய்களோடு இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் நாளங்களையும் பெயர்த்து நட வேண்டும். அவை ஒன்றிரண்டு மி.மீ. அகலம்தான். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்தால் நல்லது. தள்ளிப்போனால் இடது கீழறை வேலையில்லாமல் மெலிந்துவிடும், அப்புறம் உடம்பு முழுக்க ரத்தம் தள்ளும் பலம் அதற்கு இருக்காது.

காய்ச்சலுக்குப் போன இடத்தில் "இதயத்தில் ஏதோ சத்தம்" என்றார்கள். பையனுக்கு ஐந்து வயது. ராத்தூக்கம் போயிற்று.
- விவேக் நகர்

இந்த வயதில் பெரும்பாலும் இது ஒன்றுமில்லாத சத்தம். ஓட்டமாக ஓடும் ரத்தத்தின் ஓசை, காய்ச்சலில் இன்னும் உரக்கக் கேட்கும். காய்ச்சல் தணிந்தபின் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் மட்டும் எக்கோ. இன்று ராத்திரி தூங்குங்கள்.

வார்டில் என் மகனை ஒரே காலையில் ஐந்து டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். பாதிப் பேர் பயிற்சி டாக்டர்களாம். படித்துப் பழக என் பிள்ளைதான் கிடைத்தானா?
- ஸ்ரீராமபுரம்

கோபம் நியாயமானது. பதிலும் கொஞ்சம் நீளம்.

முதலில், அவர்கள் யார்? "பயிற்சி" என்றதும் கல்லூரிப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், குழந்தை மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருடம். அதற்கு மேல்தான் இதயப் பிரிவுக்கே வருகிறார்கள். இங்கே டி.எம். என்ற மேற்படிப்பு இன்னும் மூன்று வருடம். நீங்கள் பார்த்த "பயிற்சி டாக்டர்" சொந்த ஊரில் போர்டு மாட்டிக் கிளினிக் நடத்தத் தகுதி உள்ளவர். அறுவை சிகிச்சைப் பக்கம் இதைவிட நீளம். எம்.எஸ்., எம்.சிஎச். எல்லாம் முடித்த பிறகும் பச்சைக் குழந்தையின் இதயத்தில் முக்கியத் தையலைப் போட வருடங்கள் ஆகும். அதுவரை எதிர்ப்பக்கம் நின்று உறிஞ்சுகுழாய் பிடிப்பது, நெஞ்சைத் திறப்பது, மூடுவது என்று படிப்படியாகத்தான் கத்தி கைமாறும், அதுவும் சீனியர் எதிரே நிற்கும்போது.

எக்கோவும் அப்படியே. மூன்று கிலோ குழந்தை நெளியும், அழும், இதயம் நிமிடத்துக்கு 140 தடவை அடிக்கும். அதற்குள் நான்கு அறை, நான்கு வால்வு, வரும் குழாய், போகும் குழாய் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பயிற்சி டாக்டர் பார்த்து எழுதுவார், கன்சல்டன்ட் அதே படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். வாரத்தில் ஒரு நாள் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஐசியூ டாக்டர் எல்லோரும் இருட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையின் படத்தையும் போட்டுச் சண்டை போடுவோம். சண்டை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். "இந்த ஓட்டையை இப்போது மூடாதே" என்று ஒரு ஜூனியர் சொல்லி, சீனியர் தன் முடிவை மாற்றிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து பேர் ஏன் தொட வேண்டும் என்பதற்கு என் கதையே பதில். நான் பயிற்சியில் இருந்தபோது ஒன்பது நாள் குழந்தை ஒன்று வந்தது. பால் குடிக்கவில்லை, துவண்டு கிடந்தது. நெஞ்சில் சத்தம் ஏதும் இல்லை. கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதினேன். ராத்திரி ரவுண்ட்ஸில் சீனியர் குழந்தையின் தொடையிடுக்கில் இரண்டு விரலை வைத்தார். பேசாமல் என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். நாடியே இல்லை. உடம்பின் கீழ்ப்பாதிக்குப் போகும் மகாதமனி குறுகியிருந்தது. குழந்தை பிழைத்தது. அன்றிலிருந்து நான் எந்தக் குழந்தையையும் தொடையிடுக்கில் நாடி பார்க்காமல் விட்டதில்லை. உங்கள் மகன் அழுதபோது அந்த ஐந்தாவது டாக்டர் பார்த்தது அந்த நாடியாகவும் இருக்கலாம்.

அதே சமயம், "இவன் தூங்குகிறான், அப்புறம் வாருங்கள்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. "ஆபரேஷன் செய்யப்போவது யார்? உதவிக்கு யார்?" என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். பெயரைச் சொல்லாமல் போர்வையை விலக்கும் டாக்டரை, சீனியரே ஆனாலும், "நீங்க யாரு சார்?" என்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்து பேத்தியை ஐசியூவில் பார்த்தேன். நெஞ்சை மூடவே இல்லை, ஒரு பிளாஸ்டிக் தாள் மாதிரிதான் ஒட்டியிருந்தது. மறந்துவிட்டார்களா?
- கே.ஜி.எஃப்.

இல்லை அம்மா, வேண்டுமென்றே விட்டது. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சின்ன இதயம் வீங்கும். எலும்பை இழுத்துக் கட்டினால் அதற்குத் துடிக்க இடம் இருக்காது. ஓரிரு நாள் மருந்து மயக்கத்தில் வைத்து, வீக்கம் வடிந்ததும் மூடுவார்கள். உள்ளே போவதற்கு முன் இதை உங்களுக்குச் சொல்லாதது எங்கள் ஆட்களின் தப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மி.லி., ஒரு பெரிய டம்ளர் அளவு. அதனால்தான் சொந்தக்காரர்களை ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள், டெஸ்டுக்கு எடுக்கும் துளியையும் கணக்குப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆறு வாரம் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். கழுத்துக்கும் புட்டத்துக்கும் கீழே கைவிட்டு அள்ளித் தூக்குங்கள்.

செலவு?
- அல்சூர்

ஒரு சொல்லில் கேட்டுவிட்டீர்கள். கர்நாடகத்தின் பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வந்து பார்க்கும் ஆர்.பி.எஸ்.கே. குழு (குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம், 2013-ல் தொடங்கியது, 18 வயது வரை) இதயக் குறையைக் கண்டுபிடித்தால் அவர்கள் மூலமாகவே சிகிச்சைக்குப் போகலாம். ஜெயதேவா இதய மருத்துவமனை அரசு நிறுவனம். ஒயிட்ஃபீல்டில் உள்ள சத்ய சாய் மருத்துவமனையில் 2001 முதல் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. ஆனால் முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்கக்கூடிய குறையா என்பதை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். அட்மிஷனுக்கு முன்பே திட்ட கவுன்ட்டரில் பேசுங்கள், பணம் கட்டியபின் கார்டை நீட்டினால் சிக்கல்.

முதல் குழந்தைக்கு இதயக் குறை. கிரகணத்தன்று நான் காய் நறுக்கியதால்தான் என்று மாமியார் இன்னும் சொல்கிறார். கணவர் எனக்குச் சொந்த மாமா மகன். அடுத்த குழந்தைக்கும் வருமா?
- ஃப்ரேசர் டவுன்

அந்தக் கிரகணம் எத்தனையாவது மாதம்? கரு உருவாகி எட்டு வாரத்துக்குள் இதயத்தின் அறைகள் பிரிந்து முடிந்துவிடும். பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பது உறுதியாகும் சமயத்தில் அந்த வேலை பாதிக்கு மேல் நடந்திருக்கும். காய்க்கும் கத்திக்கும் இதில் பங்கில்லை. மாமியாரை அடுத்த தடவை கூட்டி வாருங்கள், நானே சொல்கிறேன்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் ஆபத்து கொஞ்சம் கூடுவது உண்மை. பொதுவாக நூறில் ஒரு குழந்தைக்கு வரும். ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கு நூறில் இரண்டு முதல் ஐந்து என்பார்கள், குறையைப் பொறுத்து மாறும். அப்படியானாலும் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் நலம் என்றுதானே கணக்கு. உண்டாவதற்கு முன் சர்க்கரை பாருங்கள், ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்கு மட்டும் தனியாக ஒரு எக்கோ. சாதாரண ஸ்கேன் அதற்குப் போதாது.

எனக்கு 12 வயது. குழந்தையாக இருக்கும்போது ஃபேலட் ஆபரேஷன் செய்தார்களாம். நான் கபடி டீமில் சேரலாமா? அம்மா வேண்டாம் என்கிறார்.
- எட்டாம் வகுப்பு மாணவி

நீயே எழுதியது பிடித்திருக்கிறது. ஃபேலட் என்றால் இதயச் சுவரில் ஓட்டையும், நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுகலும் சேர்ந்த பிறவிக் குறை. ஆபரேஷனில் அந்த வழியை அகலப்படுத்துவார்கள். அதனால் அங்குள்ள வால்வு வருடக்கணக்கில் கொஞ்சம் ஒழுகும். கபடி சரியா என்பது அந்த ஒழுகலையும் இதயத் துடிப்பின் ஒழுங்கையும் பொறுத்தது. ஒரு எக்கோ, டிரெட்மில்லில் ஒரு ஓட்டம், 24 மணி நேர ஈ.சி.ஜி. பார்த்துவிட்டுச் சொல்லலாம். உன்னைப் போன்ற நிறையப் பேர் விளையாடுகிறார்கள், அதை அம்மாவிடமும் சொல். தினமும் இரண்டு வேளை பல் தேய், சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இதயத்துக்குப் போகும்.

வரும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டு வா. அதில் எழுதியிருக்கும் ஆபரேஷன் பெயரையும் தேதியையும் உன் கையெழுத்தில் ஒரு டைரியில் எழுதி வைத்துக்கொள். இதுவரை அது அப்பாவின் பீரோவில் இருந்திருக்கும்.