பாக்டீரியா தொற்று இருந்தால் வைரஸை எதிர்க்கும் சக்தி கூடுமா, குறையுமா?

குன்னூர் எஸ்டேட் லைனில் இருக்கும் ஒருவரின் கேள்வி இது. இரண்டும் நடக்கும், எந்த பாக்டீரியா என்பதைப் பொறுத்தது.

காசநோய்க் கிருமி கெடுதல் பக்கம். அது சிடி4 எனும் நோயெதிர்ப்பு செல்களை உசுப்பிவிடும். எச்ஐவி நன்றாகப் பெருகுவதோ உசுப்பப்பட்ட அந்த செல்களில்தான். அதன் நெருங்கிய உறவான, காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் வீரியம் குறைக்கப்பட்ட பிசிஜி கிருமி நேர்மாறு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பே பிசிஜி போட்டவர்களின் ரத்தத்தில் பிறகு போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் இருக்கும் வீரியம் குறைந்த வைரஸ் குறைவாகவே இருந்தது. மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் அதற்குள் உஷாராகிவிட்டிருந்தன.

குடலில் குடியிருக்கும் பாக்டீரியாவும் நமக்குத் துணைதான். ஆன்டிபயாடிக் கொடுத்து அவற்றை அழித்த எலிகள் இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) வைரஸிடம் திணறின. அதனால்தான், ஜூலை மழையில் மூக்கு ஒழுகியதுமே மெடிக்கலில் நாலு அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி விழுங்குவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வைரஸை அது தொடவே தொடாது.

ஆனால் காய்ச்சல் விட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு மறுபடி குளிர்நடுக்கம், நெஞ்சுவலி, துருநிறச் சளி என்று வந்தால் அது பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம். 1918 ஃப்ளூவில் பெரும்பாலான சாவுகளுக்குப் பின்னால் இருந்தது அதுதான். அப்போது கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.