மத்தியதரைக் கடலில் ஸ்பெயினுக்குச் சொந்தமான பலேரிக் தீவுகளின் சுவர்ப்பல்லி எப்படி இருக்கும், எங்கே வாழும்?
சுவர்ப்பல்லி என்றதும் நம் வீட்டுப் பல்லியை நினைக்க வேண்டாம். இது வேறு குடும்பம்: கண்ணுக்கு இமை உண்டு, பகலில் வெயில் காய்ந்து திரியும். வால் நீங்கலாகச் சுமார் 8 செ.மீ. நீளம். நிறம் தீவுக்குத் தீவு மாறும். பச்சை, பழுப்பு, அப்புறம் மெனோர்க்காவை ஒட்டிய ஐரே தீவில் கரிக்கறுப்பு, வயிறு மட்டும் நீலம். அழகான உயிர்!

மயோர்க்கா, மெனோர்க்கா பெருந்தீவுகளில் மனிதரோடு வந்த வேட்டை விலங்குகளால் அழிந்துவிட்டது. இப்போது கப்ரேரா தீவிலும், இந்த மூன்று தீவுகளைச் சுற்றியுள்ள சிறு தீவுகளிலும்தான் வாழ்கிறது. பாறை இடுக்கும் புதரும் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஐரேயில் நடப்பது. அங்கே சேம்புக் குடும்பச் செடி ஒன்றின் பூ அழுகல் நாற்றத்தால் ஈக்களை இழுக்கும். பல்லி அதன்மேல் காத்திருந்து ஈ பிடிக்கும். பிறகு பழத்தையும் தின்று விதையைப் பரப்பும்.