தானாகப் படிப்பவர்களுக்கு ஒரு கற்றல் தளம்: எங்கிருந்து தொடங்குவது?

"சொந்த ஆர்வத்தில் படிக்க வருபவர்களுக்காக ஓர் இணையவழிக் கற்றல் தளம் கட்டுகிறோம். பயன்படுத்த எளிதாக இருக்க எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத் தளங்களுக்குத் திரை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. வேலை முடிந்தபின் இப்படிப்பட்ட தளங்களில் படிப்பவனும்கூட. இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

முகப்புப் பக்கத்தை இப்போதைக்கு விடுங்கள். இரண்டு வாரம் எட்டிப் பார்க்காத ஒருவர் திரும்பி வந்தால் எந்தத் திரையைப் பார்ப்பார்? வடிவமைப்பை அங்கிருந்து தொடங்குங்கள். தானாகப் படிப்பவருக்கு வகுப்பு மணி கிடையாது, ஏன் வரவில்லை என்று கேட்க ஆளும் கிடையாது. வேலை, வீடு, உடம்புக்கு முடியாதது என்று படிப்பு அடிக்கடி அறுபடும். அதனால் விட்ட வீடியோ அதே நொடியில் திறக்க வேண்டும். பாதி எழுதிய பதில் அப்படியே இருக்க வேண்டும். கணினியில் நிறுத்தியதைக் கைபேசியில் தொடர முடிய வேண்டும். கூடவே, கடைசியாகப் படித்ததிலிருந்து இரண்டு சின்னக் கேள்விகள் கேட்டால் பழையது நினைவுக்கு வந்துவிடும். 'நீங்கள் 14 நாள் பின்தங்கியிருக்கிறீர்கள்' என்று சிவப்பில் காட்டும் தளங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். கெடுவே வைக்காத படிப்பில் யாரைவிடப் பின்தங்குவது?

பயனர் சோதனையையும் ஒரே அமர்வில் முடித்துவிடாதீர்கள். அதே ஆட்களைச் சில வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் தளத்தைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் கண்ணில் படாத ஓட்டைகள் அன்று தெரியும்.

அடுத்து புள்ளி, பேட்ஜ், ஸ்ட்ரீக் (விடாமல் தொடர்ந்து படித்த நாட்களின் கணக்கு) சமாச்சாரம். குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஏற்கனவே படம் வரைவதில் ஆர்வமுள்ள சிறு குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசுச் சான்று உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட குழந்தைகள், பிற்பாடு தாங்களாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடக் குறைந்துபோனது. சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. உங்களிடம் வருபவர் ஆர்வத்தோடுதான் வருகிறார். அவருக்குப் போய் ஏன் கூலி பேச வேண்டும்? ஸ்ட்ரீக் பிடித்தவர்களும் இருக்கிறார்கள், சரி. அவர்கள் தாங்களே இயக்கிக்கொள்ளும்படி வையுங்கள்.

புள்ளியையும் பேட்ஜையும் விட்டுவிட்டு உழைப்பை எங்கே போடலாம் என்றால், கேள்விகளில். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். இதில் சிக்கல் என்னவென்றால், திரும்பப் படிப்பவருக்குத்தான் 'எனக்கு வந்துவிட்டது' என்ற நம்பிக்கை அதிகம். பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவருக்கு இந்த மயக்கத்தைக் கலைக்க உங்கள் தளத்தைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே பாடத்துக்கு நடுவே கேள்வி வையுங்கள், சில நாள் கழித்து அதையே வேறு வடிவில் கேளுங்கள். 'தவறு' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அந்தத் தவறான விடையை ஒருவர் எந்த எண்ணத்தில் தேர்ந்தெடுத்திருப்பார் என்று யோசித்து விளக்கம் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நல்ல தளத்தையும் சுமாரான தளத்தையும் நான் இதை வைத்துத்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

வீடியோ பற்றி: ஃபிலிப் குவோவும் சகாக்களும் 2014-இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்ததில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சராசரி ஆள் தொடர்ந்து பார்த்தது ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. அதற்காக ஒரு மணி நேர உரையைப் பத்துத் துண்டாக வெட்டிப் போட்டால் போதாது. படம் பிடிக்கும் முன்பே துண்டு துண்டாகத் திட்டமிட வேண்டும். பேசியதன் எழுத்து வடிவம் தேடக்கூடியதாகக் கூடவே இருக்கட்டும். காது கேளாதவருக்கு அது அவசியம், அவசரத்தில் இருப்பவருக்கும் உதவும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி மாறுபாடு குறைந்தது 4.5:1 என்கிறது வலை அணுகல்தன்மை விதிமுறை. வெளிர்சாம்பல் எழுத்து மோகம் உள்ள வடிவமைப்பாளர்களிடம் இதை அச்சடித்துக் கொடுங்கள்.

ஆறாவது பாடத்தை முடித்தால்தான் ஏழாவது திறக்கும் என்று பூட்டாதீர்கள். 'இதற்கு முன் இவை தெரிந்திருந்தால் நல்லது' என்று ஒரு வரி போதும். தெரிந்ததைத் தாண்டிப் போகத் தெரிந்தவர்தான் தானாகப் படிக்கவே வருகிறார்.

அப்புறம், முடித்தவர் சதவீதத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் இணையவழிச் செயற்கை நுண்ணறிவு வகுப்பில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் 20,000-க்குச் சற்று மேல். மீதிப் பேர் எல்லோரும் தோற்றார்கள் என்று சொல்ல முடியுமா? ஒரே ஒரு உத்தியைத் தெரிந்துகொள்ள வந்தவருக்கு அது கிடைத்ததும் வேலை முடிந்தது. சேரும்போதே 'எதற்காக வந்தீர்கள்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள், வேண்டாதவர் தாண்டிப் போகட்டும். சொன்னவர்களிடம் பிறகு 'அது கிடைத்ததா?' என்று கேட்டு, அந்தப் பதிலை உங்கள் டேஷ்போர்டில் முதல் எண்ணாக வையுங்கள்.