அமெரிக்க உரிமைச் சாசனம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், 1787-இல் எழுதிய அரசியலமைப்பிலேயே பேச்சுரிமை, மத உரிமையெல்லாம் ஏன் இல்லை?

பதில்: மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரத்துக்கு எதற்குத் தடை என்று, அரசியலமைப்பை எழுதிய சபையில் இருந்த ஹாமில்டன் வாதாடினார். அதே சபையில் இருந்த ஜார்ஜ் மேசன் ஒப்புக்கொள்ளவில்லை, அரசியலமைப்பில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவருடைய ஆட்சேபங்களில் முதலாவது, உரிமைப் பட்டியல் இல்லை என்பதுதான். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரே வாரண்டை வைத்துக்கொண்டு கண்ட வீட்டிலும் புகுந்து சோதனை போட்டதைப் பார்த்த தலைமுறை அது. புது அரசை நம்புங்கள் என்றால் எப்படி நம்பும்?

கேள்வி: உரிமைச் சாசனத்தைக் கொண்டுவந்தது ஜேம்ஸ் மாடிசன்தானா?

பதில்: ஆமாம், ஆனால் முதலில் அரைமனதுதான். காகிதத்தில் எழுதிவைத்தால் பெரும்பான்மை அடங்கிவிடுமா என்று சந்தேகப்பட்டார். அரசைக் கட்டுப்படுத்த நீதிமன்றத்தின் கையில் ஒரு பிடி கிடைக்குமே என்று, அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் அவருக்கு எழுதினார். 1789 ஜூனில் மாடிசன் காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், திருத்தங்களை முன்மொழிந்தார். ஒப்புதலுக்காக மாநிலங்களுக்குப் போன 12 திருத்தங்களில் 10, 1791 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தன. அந்தப் பத்துதான் உரிமைச் சாசனம்.

கேள்வி: அதற்கப்புறம் அரசு அடங்கியதா?

பதில்: எங்கே அடங்கியது? ஏழே வருடத்தில், 1798-இல், தேசத்துரோகச் சட்டம் வந்தது. அரசைப் பற்றிப் பொய்யாக, கெட்ட நோக்கத்தோடு எழுதினால் இரண்டு வருடம் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். அதிபரையும் காங்கிரஸையும் திட்டினால் குற்றம். துணை அதிபரைத் திட்டினால் குற்றமில்லை. துணை அதிபர் எதிர்க்கட்சிக்காரரான ஜெஃபர்சன்!

வெர்மான்ட் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன், அதிபர் ஆடம்ஸுக்கு ஆடம்பர வெறியும் பேராசையும் என்று எழுதினார். நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். விசாரித்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பேட்டர்சன். அரசியலமைப்பை எழுதிய சபையிலேயே இருந்தவர். இந்தச் சட்டம் செல்லுமா என்பது உங்கள் வேலையே இல்லை என்று ஜூரியிடம் சொல்லிவிட்டார். எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இது.

கேள்வி: அப்படியென்றால் எழுதி வைத்து என்ன பயன்?

பதில்: எழுத்தில் இருந்ததால்தான் இந்தச் சட்டம் சாசனத்துக்கே விரோதம் என்று மாடிசனும் ஜெஃபர்சனும் அடித்துச் சொல்ல முடிந்தது. சிறையில் இருந்தபடியே லயன் மறுபடி தேர்தலில் ஜெயித்தார். 1800-இல் ஆடம்ஸ் தோற்றார். அடுத்த மார்ச்சில் சட்டம் காலாவதியானது. அபராதம் 1840-இல் லயனின் வாரிசுகளுக்குத் திரும்பி வந்தது. நீதிபதி கைவிட்டதை வாக்காளர் காப்பாற்றினார்கள்.

கேள்வி: மாநில அரசு அத்துமீறினால்?

பதில்: அப்போது பாதுகாப்பு இல்லை. இந்தத் திருத்தங்கள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833-இல் தீர்ப்பு. 1868-இல் வந்த 14-ஆவது திருத்தத்தை வைத்துத்தான் பிற்பாடு ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கும் நீட்டினார்கள்.

கேள்வி: அடிமைகளுக்கு?

பதில்: ஒன்றுமில்லை. 1790 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். இதை விட்டுவிட்டுச் சாசனத்தின் பெருமை பேசக் கூடாது. உரிமைப் பட்டியல் கேட்டு அடம்பிடித்த மேசனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.