குயில்ட்டில் நூல் முனைகள் வெளியே தெரியாமல் முடிப்பது எப்படி?

கேள்வி: வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழந்தைக்காக ஒரு குயில்ட் (நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைத்தேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் தையல் (அதே இடத்தில் பின்னோக்கித் தைப்பது) போட்டு, நூலை ஒட்ட வெட்டினேன். அந்த இடங்களெல்லாம் தடித்துத் தெரிகின்றன. ஒருமுறை துவைத்ததும் நூல் முனைகள் வெளியே வந்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: சட்டையிலும் பாவாடையிலும் ரிவர்ஸ் தையல் உட்புறத்தில் மறைந்துவிடும். குயில்ட்டில் தையல் முழுவதும் மேற்பரப்பிலேயே கிடப்பதால், ஒரே இடத்தில் இருமுறை விழும் நூல் கண்ணில் படுகிறது. ஒட்ட வெட்டிய முனைக்கும் ஒதுங்க இடமில்லை. மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நடுவே உள்ள பஞ்சு அடுக்குதான் அந்த முனை போய்ச் சேர வேண்டிய இடம்.

இதற்கான வேலை முதல் தையலிலேயே தொடங்குகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டை இறக்கி, மேல் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, கைச்சக்கரத்தைச் சுற்றி ஒரே ஒரு தையல் போடுங்கள். ஊசி மேலே வந்ததும் மேல் நூலை மெல்ல இழுத்தால், அடியிலிருந்து வரும் பாபின் நூல் ஒரு வளையமாக மேலே வரும். இரண்டு நூல்களையும் சுமார் 5 அங்குலம் விட்டு, முதல் சில தையல்கள் விழும்வரை விடாமல் பிடித்திருந்தால், அடியில் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்வது பெருமளவு தவிர்க்கப்படும். வரியை முடிக்கும்போது ஊசியையும் ஃபுட்டையும் உயர்த்தி, துணியைச் சற்று நகர்த்தி நூலுக்குத் தளர்வு கொடுத்து, மீண்டும் அதே துளையில் ஊசியை இறக்கி ஏற்றினால் பாபின் நூல் மேலே வந்துவிடும். நூலைத் தானே வெட்டும் பொத்தான் உங்கள் இயந்திரத்தில் இருந்தாலும் இங்கே அதைத் தொடாதீர்கள். அது விட்டுவைக்கும் முனை முடிச்சுப் போடக்கூட எட்டாது.

இப்போது இரண்டு முனைகளையும் துணியை ஒட்டி இரட்டை முடிச்சாகப் போட்டு, ஒரே கை ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். காதின் மேற்பகுதியில் பிளவுள்ள ஊசி கிடைத்தால் வாங்கி வையுங்கள். நூலைப் பிளவில் வைத்து அழுத்தினாலே போதும் என்பதால், நூற்றுக்கணக்கான முனைகள் உள்ள வேலையில் கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். நூல் வெளிவந்த அதே துளையில் ஊசியை விட்டு, அடித் துணியைக் குத்தாமல் பஞ்சுக்குள்ளேயே ஓர் அங்குலம் ஓட்டி, மேலே எடுங்கள். சற்றே சுண்டி இழுத்தால் முடிச்சு துணியைத் தாண்டி உள்ளே போய்விடும். நூலை இழுத்துப் பிடித்தபடியே வெட்டினால் முனையும் உள்வாங்கிக்கொள்ளும். வெள்ளைத் துணியின் அடியில் அடர்நிற நூல் நிழலாகத் தெரியும் என்பதால், ஊசியைத் தையல் வரியின் போக்கிலேயே ஓட்டுங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நைலான் நூலில் முடிச்சு நழுவும். அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைக் குயில்ட்டுக்கும் முடிச்சை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. வழக்கமான 2.5 மி.மீ. தையல் நீளத்தை 0.5 மி.மீ. அளவுக்குக் குறைத்து, வரியின் இரு முனைகளிலும் கால் அங்குலத் தூரம் தைத்துவிட்டு, பிறகு மேலே சொன்னபடி முனையை உள்ளே செலுத்துங்கள். விளிம்பு வரை ஓடும் வரிகளுக்கு இவை எதுவும் தேவையில்லை; விளிம்புப் பட்டி தைக்கும்போது அவை தாமாகவே பூட்டப்பட்டுவிடும். ஆகவே தொடக்கமும் முடிவும் விளிம்பில் விழும்படி வரிகளைத் திட்டமிட்டால் பாதி வேலை மிச்சம். மீதி முனைகளையும் கடைசிவரை சேர்த்துவைக்காமல் நாலைந்து வரிகளுக்கு ஒருமுறை முடித்துவிடுங்கள். தொங்கும் நூல் அடுத்த வரியின் அடியில் சிக்கினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஏற்கெனவே தைத்த குயில்ட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. வெளியே நிற்கும் முனை ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால், நூல் கோக்காத ஊசியை முதலில் அந்தத் துளை வழியே பஞ்சுக்குள் செலுத்தி, காது மட்டும் வெளியே நிற்கும்படி நிறுத்துங்கள். பிறகு அந்தக் குட்டை முனையைக் காதில் மாட்டி, ஊசியை அதன் நுனிப் பக்கமாக மேலே இழுத்துவிடுங்கள். தையலே அவிழத் தொடங்கிய இடத்தில் மட்டும் முடிச்சுப் போடும் அளவுக்கு நூல் கிடைக்கும்வரை பிரித்து, முனைகளை உள்ளே செலுத்திவிட்டு, விட்ட துளையிலிருந்தே மீண்டும் தைக்கத் தொடங்குங்கள்.