ஃபிம்எச் கரையவும் இல்லை, ஒட்டவும் இல்லை

கேள்வி: சிறுநீர்ப்பாதைத் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலியின் ஃபிம்எச் ஒட்டுப்புரதத்தை முழு நீளத்தில் பிஎல்21 என்ற ஆய்வக ஈ.கோலி செல்களில் தயாரிக்கிறேன். முன்முனையில் சுத்திகரிப்புக்கான ஆறு ஹிஸ்டிடின், 37 டிகிரி, தயாரிப்பைத் தூண்ட 1 மில்லிமோலார் ஐபிடிஜி. எல்லாம் கரையாத திரளாகிறது. யூரியாவில் கரைத்து மீட்டால் மேனோஸ் சர்க்கரையில் ஒட்டுவதில்லை. வெப்பநிலையைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வெப்பநிலையைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் சிக்கல் குளோனிங்கிலேயே தொடங்கிவிட்டது.

முதிர்ந்த ஃபிம்எச்சின் முதல் அமினோ அமிலம் ஃபீனைல்அலனின். மேனோஸ் அமரும் குழியில் அதற்கும் பங்கு உண்டு. அதன் அமினோ முனையே சர்க்கரையைப் பற்றுகிறது. அதற்கு முன்னால் ஹிஸ்டிடின் வரிசையை ஒட்டினால், புரதம் அழகாக மடிந்தாலும் ஒட்டாது. செல்லின் உட்பகுதியான சைட்டோபிளாசத்தில் தயாரிக்கும்போது முன்னால் தங்கிவிடும் ஒரு மெத்தியோனின்கூட இடையூறுதான். எனவே ஏற்றுமதிக்கான சமிக்ஞைத் தொடரை வைத்து, செல்லின் இரு சவ்வுகளுக்கு இடையிலுள்ள பெரிபிளாசத்துக்கு அனுப்புங்கள். அது வெட்டப்படும்போது ஃபீனைல்அலனின் தானே முன்னுக்கு வரும். ஹிஸ்டிடின்கள் வால்முனைக்குப் போகட்டும். மடிப்பை இறுக்கும் டைசல்பைடு (கந்தக) பிணைப்புகள் உருவாகவும் பெரிபிளாசமே ஏற்ற இடம். அவற்றை உடைக்கும் டிடிடியைச் சுத்திகரிப்பில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, 'முழு நீளம்' என்கிறீர்களே, ஃபிம்எச் தனியாக முழுமையே அல்ல. 279 அமினோ அமிலங்களில் முதல் 158 அளவு மேனோஸைப் பிடிக்கும் பகுதி. மீதிப் பகுதியின் மடிப்பில் ஓர் இழை குறைகிறது. இயற்கையில் ஃபிம்சி என்ற துணைப்புரதம் முதலில் தன் இழையைக் கடன் தருகிறது. பிறகு ஃபிம்எச்சின் அண்டைப் புரதமான ஃபிம்ஜி அந்த இடத்தை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் திரள்வது இயல்பே. ஃபிம்சியைச் சேர்த்துத் தயாரிக்கலாம். அல்லது ஃபிம்ஜியின் முன்முனை இழையை, சுமார் 14 அமினோ அமிலங்களை, சிறு இணைப்பியால் வாலில் கோக்கலாம். ஒட்டுதலை மட்டும் ஆராய்வதானால் முன்பகுதியே போதும். நானாக இருந்தால் அதிலிருந்துதான் தொடங்குவேன். ஆனால் தனித்த முன்பகுதி எப்போதும் இறுகப் பிடிக்கும் வடிவிலேயே இருக்கும். தடுப்பூசி ஆய்வென்றால் இதை மறக்க வேண்டாம்.

இப்போது வெப்பநிலை: 20 முதல் 25 டிகிரி. ஐபிடிஜி 0.1 மில்லிமோலாரைத் தாண்ட வேண்டாம். ஏற்றுமதி வாயிலில் நெரிசல் ஏற்பட்டால் விளைச்சல் குறையும். பெரிபிளாசத்தைத் திறக்க உலோக அயனிகளைப் பற்றும் ஈடிடிஏ சேர்த்தீர்களானால், ஹிஸ்டிடின்களைப் பிடிக்கும் நிக்கல் பத்திக்கு முன் டயாலிசிஸ் செய்து அதை நீக்குங்கள். இல்லையேல் நிக்கலையே அது உரித்துவிடும்.

ஒட்டுதலைச் சோதிக்க, ஈஸ்ட் செல்கள் திரள்கின்றனவா என்று பார்க்கும் முறையை நம்பாதீர்கள். ஒரே பிடியுள்ள தனிப்புரதம் இரண்டு செல்களை இணைக்காது. மேனோஸ் பூசிய தட்டில் ஒட்டுகிறதா, அதே குழிக்குப் போட்டியிடும் மீத்தைல் மேனோசைடு சேர்த்தால் அது விடுபடுகிறதா என்று பாருங்கள்.