ஹெட்ஃபோன் பரிசளிக்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தீபாவளி நெருங்கிவிட்டது. இந்த முறை தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் ஹெட்ஃபோன்தான் அதிகம். "குறைந்த விலையில் எது நல்லது?" என்று பலரும் ஒற்றை வரியில் கேட்டிருக்கிறீர்கள். யார் கேட்கப் போகிறார், எங்கே உட்கார்ந்து கேட்பார், எந்தக் கருவியிலிருந்து கேட்பார் என்பதையும் எழுதினால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். அப்படி எழுதியவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பிக்கு 21ஆவது பிறந்தநாள் வருகிறது. ரஹ்மான் பாட்டு என்றால் அவனுக்கு உயிர். தினமும் பலரோடு சேர்ந்து போகிற மினிபஸ் டாக்சியில்தான் காலேஜ் போகிறான். என்னிடம் 800 ராண்டு இருக்கிறது. நாய்ஸ் கேன்சலிங் (வெளி இரைச்சலை அடக்குகிற வசதி) உள்ளதாக வாங்கலாமா அண்ணா?
*வாசகி, ஃபீனிக்ஸ்*

இந்த விலையில் வேண்டாம் தங்கச்சி. நாய்ஸ் கேன்சலிங்குக்குத் தனி மைக், தனி சிப் வேண்டும். 800 ராண்டுக்குள் அதையும் திணித்தால், பாட்டைத் தருகிற குட்டி ஸ்பீக்கரின் தரத்தில்தான் கை வைப்பார்கள். தவிர, அது அடக்குவது விமானம், பஸ் எஞ்சின் போல ஒரே சீராக வரும் இரைச்சலை. டாக்சிக்குள் ஆட்கள் பேசுவதும், டிரைவர் போடுகிற பாட்டும் பெரும்பாலும் அதைத் தாண்டி வந்துவிடும். காதைச் சுற்றி நன்றாக மூடுகிற, பின்பக்கம் அடைத்த ஹெட்ஃபோன் அந்த வேலையை ஓரளவு சும்மாவே செய்யும்.

வயர் பரவாயில்லை என்றால் ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் என் முதல் தேர்வு. ஆனால் அதன் வயர் 3 மீட்டர், கழற்றவும் முடியாது. வீட்டில் உட்கார்ந்து கேட்கச் சரி, டாக்சியில் சுருட்டிக்கொண்டு அலைய வேண்டும். உங்கள் தம்பிக்கு ப்ளூடூத்தான் தோது. சோனி டபிள்யூஎச்-சிஎச்520, ஜேபிஎல் ட்யூன் 520பிடி இரண்டையும் பாருங்கள். முதலாவது 50 மணி நேரம், இரண்டாவது 57 மணி நேரம் வரை ஓடும் என்கின்றன கம்பெனிகள். கரன்ட் போகிற நாள்களில் இது பெரிய உதவி. ஆனால் இரண்டுமே காதைச் சுற்றி மூடாமல் காதின் மேலேயே உட்காருபவை, அதனால் வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் வலிக்கலாம். தம்பி கண்ணாடி போடுகிறவர் என்றால் அதையும் யோசியுங்கள். விலை உங்கள் தொகையைக் கொஞ்சம் தாண்டினால், பிறந்தநாளுக்கு நாள் இருக்கும் பட்சத்தில், நவம்பர் கடைசியில் வருகிற பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி வரை பொறுங்கள்.

கடையில் போட்டுப் பார்க்க விட்டால், கடைக்காரர் போட்டுக் காட்டுகிற அதிரடிப் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஃபோனில் குரலும் மிருதங்கமும் மட்டும் உள்ள ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், விழுகிற கும்கி என்ற தாழ்ந்த ஒலி கனமாக வந்து உடனே அடங்க வேண்டும். வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், விழுகிற 'நம்' என்ற ஒலி தனியாக, கணீரென்று கேட்க வேண்டும். கும்கி பரவிப் போய்ப் பாடகரின் குரலை மூடினால், பேஸை (தாழ்ந்த ஒலிகளை) செயற்கையாக ஏற்றியிருக்கிறார்கள். முதல் நாள் மயக்கும், ஒரு மாதத்தில் தலைவலி வரும். ரஹ்மான் பாட்டில் அடுக்கடுக்காக எத்தனையோ சின்னச் சின்ன ஒலிகள் இருக்கின்றன. அவை கேட்காமல் போனால் இந்தப் பரிசுக்கு அர்த்தமே இல்லை.

அம்மாவுக்கு 70 வயது. நாள் முழுக்க ஃபோனில் உள்ள ரேடியோவில் லோட்டஸ் எஃப்எம்தான். வயர் சிக்கிக்கொள்கிறது என்று ப்ளூடூத் வாங்கித் தர நினைக்கிறேன்.
*வாசகர், வெருலம்*

வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ஃபோனில் உள்ள எஃப்எம் ரேடியோவுக்குப் பெரும்பாலும் ஹெட்ஃபோன் வயர்தான் ஏரியல். வயரை எடுத்துவிட்டால் ஸ்டேஷன் எடுக்காது. ப்ளூடூத் வாங்கிக் கொடுத்தால் அம்மா இன்டர்நெட் வழியாகத்தான் கேட்க வேண்டும். டேட்டா செலவாகும், மின்வெட்டில் ஃபோன் டவர் வேலை செய்யாமல் போனால் பாட்டும் நின்றுவிடும். அம்மாவின் பழக்கத்தை மாற்றாதீர்கள். காதில் மெத்தென்று உட்காருகிற, எடை குறைந்த, வயர் சிக்கலாகாத ஒரு சாதாரண ஹெட்ஃபோன் போதும். கேபிள் தட்டையாக இருந்தால் முடிச்சு விழுவது குறையும். மிச்சக் காசில் அம்மாவுக்குப் புடவை எடுங்கள்.

அப்பாவுக்கு நாதஸ்வரம் என்றால் கொள்ளை ஆசை. இப்போது காதுக்குப் பின்னால் மாட்டுகிற காது கேட்கும் கருவி போட்டிருக்கிறார். அதோடு ஹெட்ஃபோன் போட முடியுமா ஐயா?
*வாசகர், சாட்ஸ்வர்த்*

முடியும், ஆனால் எல்லா ஹெட்ஃபோனும் சரிவராது. காதுக்குள் நுழைக்கிற இயர்பட் வேண்டவே வேண்டாம், அந்த இடத்தில் கருவியின் குழாய் இருக்கிறது. காதின் மேல் அழுத்துகிற ரகமும் ஆகாது. காதை முழுவதும் சுற்றி மூடுகிற, கப் ஆழமாக உள்ள பெரிய ஹெட்ஃபோன்தான் வேண்டும். கருவியின் மைக் காதுக்குப் பின்னால் மேல்பக்கம் இருக்கும். அது கப்புக்குள் வந்தால்தான் பாட்டு அவருக்குச் சேரும். கப் மைக்கை ஒட்டி அழுத்தினால் 'கீ' என்று விசில் அடிக்கும். ஆகவே பரிசு என்று மறைக்காமல் அப்பாவையே கடைக்குக் கூட்டிப் போங்கள். பத்து நிமிடமாவது தலையில் போட்டபடி, தலையை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் இரண்டு விஷயம். இப்போது வருகிற பல கருவிகள் ஃபோனிலிருந்து நேராக ப்ளூடூத்தில் பாட்டு எடுக்கும். அவருடையது அந்த ரகமானால் செலவே இல்லை. அடுத்தது, இந்தக் கருவிகள் முதலில் பேச்சுக்காகச் சீரமைக்கப்படுபவை. நாதஸ்வரம் போல உரத்த வாத்தியம் வந்தால் ஒலியை அமுக்கிச் சிதைத்துவிடும். காது கேட்கும் கருவி பொருத்திய ஆடியாலஜிஸ்ட்டிடம் இசைக்கென்று தனி புரோகிராம் போட்டுத் தரச் சொல்லுங்கள். எந்த ஹெட்ஃபோனையும்விட அதுதான் உங்கள் அப்பாவுக்கு நல்ல பரிசு.

மகள் கீபோர்டு கற்கிறாள். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்க ப்ளூடூத் ஹெட்ஃபோன் போதுமா?
*வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

போதாது. ப்ளூடூத்தில் விரல் கட்டையில் பட்டுச் சற்றுக் கழித்துத்தான் ஒலி காதுக்கு வரும். பாட்டுக் கேட்கும்போது தெரியாது, வாசிக்கும்போது தாளமே குலைந்துவிடும். வயர் உள்ளதுதான் வேண்டும். மேலே சொன்ன எம்20எக்ஸ் இங்கே கனகச்சிதம். நீள வயரும் இப்போது வசதியாகிவிடும், பல கீபோர்டுகளில் இருக்கிற பெரிய 6.3 மில்லிமீட்டர் துளைக்கான அடாப்டரும் கூடவே வருகிறது.

நண்பரின் ஃபோனில் ஹெட்ஃபோன் துளையே இல்லை. வயர் ஹெட்ஃபோன் கொடுத்தால் வீணா?
*வாசகர், லெனேசியா*

வீணில்லை. யுஎஸ்பி-சி அடாப்டர் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். டிஜிட்டல் பாட்டை ஹெட்ஃபோனுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுகிற டிஏசி சிப் அதற்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிப் இல்லாத மலிவு அடாப்டர் பல ஃபோன்களில் வேலையே செய்யாது. ஐஃபோன் 14 வரை சார்ஜ் துளை ஆப்பிளின் லைட்னிங் ரகம், 2023இல் வந்த 15இலிருந்து யுஎஸ்பி-சி. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைபாதையில் பெரிய பிராண்ட் ஹெட்ஃபோன் 250 ராண்டுக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், டர்பன்*

போலி. வாங்காதீர்கள்.

பரிசு பிடிக்காவிட்டாலோ கெட்டுப்போனாலோ திருப்பித் தர முடியுமா?
*வாசகி, டோங்காட்*

இரண்டும் வேறு வேறு. பழுதுடன் வந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணம் திரும்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. வெறுமனே பிடிக்கவில்லை என்றால் கடையில் நேரில் வாங்கிய பொருளைத் திரும்ப எடுக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஆன்லைனில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பே ஆன்லைனில் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தால் அந்த 7 நாள் அங்கேயே கழிந்துவிடும். பார்சல் வந்ததும் பிரித்து, இரண்டு காதிலும் ஒலி சமமாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, ரசீதோடு மறுபடி கட்டி வையுங்கள்.